பதினான்காம் இரவும் எழுபது வீதத் தண்ணீரும்

சென்ற இதழ் கைக்கு வந்ததும் வழக்கம்போலக் கவிதைகளை முதலில் புரட்டிவிட்டுக் கட்டுரைப் பக்கத்துக்கு வந்தேன். அய்யாமுல் பீழ் நோன்பின் ‘விஞ்ஞான இரகசியம்’ பற்றி நண்பரொருவர் எழுதியிருந்தார். அவருடைய வாதம் நமக்கெல்லாம் பழக்கமானதுதான். ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம், துண்டுப் பிரசுரங்களில் வாசித்திருக்கிறோம், இப்போது கைத்தொலைபேசியிலும் மாதம் தவறாமல் வந்து விழுகிறது. மனித உடம்பில் எழுபது வீதம் தண்ணீர். கடலைப் பொங்கவைக்கும் சந்திரன் உடம்பிலுள்ள தண்ணீரையும் பொங்கவைக்கிறது. அதனால் பிறை 13, 14, 15 ஆம் நாட்களில் கோபமும் காமமும் பித்தும் கூடுகின்றன. நோன்பிருந்தால் உடம்பின் நீர் குறைந்து மனம் அமைதியடைகிறது. ஆகவேதான் அந்த மூன்று நாட்களும் ஸுன்னத்தாக்கப்பட்டன.

எனக்கு நோன்போடு பிணக்கில்லை, நானும் நோற்பவன்தான். என் பிணக்கு அந்தத் தண்ணீரோடு. முப்பது வருடங்களுக்கு மேல் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்துவிட்டு ஓய்வுபெற்றவன் என்பதால் எழுதவில்லை. அப்படியானால் எத்தனையோ கட்டுரைகளுக்கு மறுப்பெழுத வேண்டியிருந்திருக்கும், சும்மா இருந்துவிட்டேன். இம்முறை சும்மா இருக்க முடியாமற் போனதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். சந்திரன் தண்ணீரை இழுக்கிறது என்று சொல்லும்போதே வழுக்கிவிடுகிறோம். ஈர்ப்புக்குத் தண்ணீர், கல், இரும்பு, எலும்பு என்ற பேதமில்லை. திணிவு எங்கிருந்தாலும் இழுக்கும், அவ்வளவுதான். நாம் நிற்கும் திண்ணிய நிலங்கூட ஒரு நாளைக்கு இரண்டு தடவை முப்பது சென்ரிமீற்றர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. பள்ளிவாசலும் வீடும் மரமும் நாமும் எல்லாம் சேர்ந்தே ஏறி இறங்குவதால் நமக்குத் தெரிவதில்லை. உடம்பில் எழுபது வீதம் தண்ணீர் என்பது (வளர்ந்த ஆணுக்கு அறுபது வீதம் என்பதே சரி) இந்த விவகாரத்தில் ஒரு சாட்சியே அல்ல. உடம்பு முழுக்க மரத்தால் செய்யப்பட்டிருந்தாலும் சந்திரன் அதே அளவுக்குத்தான் இழுக்கும்.

அப்படியானால் கடல் ஏன் பொங்குகிறது? அது தண்ணீர் என்பதால் மட்டுமல்ல, பெரியது என்பதால். பூமியின் ஒரு பக்கம் சந்திரனுக்குக் கிட்ட, மறுபக்கம் தூர. இரண்டுக்குமிடையே 12,700 கிலோமீற்றருக்கு மேல். கிட்ட உள்ள பக்கத்தை இழுக்கும் இழுப்புக்கும் தூரத்துப் பக்கத்தை இழுக்கும் இழுப்புக்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசந்தான் வற்றுப்பெருக்கை உண்டாக்குகிறது. அந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளமான சமுத்திரத்தின் நீரைப் பக்கவாட்டில் மெல்ல மெல்லத் தள்ளிக் குவிக்கிறது. அப்படிக் குவித்தும் நமது கரையில் கிடைப்பது என்ன? இலங்கையைச் சுற்றிய கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பறுவத்தன்றுகூட ஒரு மீற்றரை எட்டாது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அது பதினாறு மீற்றர் வரை போகிறது. சந்திரன் அங்கும் இங்கும் ஒன்றுதான். வித்தியாசப்படுவது கரையின் வடிவமும் கடலின் ஆழமும்.

கடலை விட்டுக் குளத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பேரேரிகள் எங்கள் மாகாணங்களை விழுங்கிவிடக்கூடிய அளவு பெரியவை. அவற்றிலேயே வற்றுப்பெருக்கு ஐந்து சென்ரிமீற்றருக்கும் குறைவு. இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் இருக்கிறது, பெயரில் மட்டும் சமுத்திரம். பறுவத்தன்று சந்திரன் இழுத்ததால் அது வான் பாய்ந்தது என்று எந்த நீர்ப்பாசனப் பொறியியலாளரும் எழுதிவைத்ததில்லை. கிணற்றுத் தண்ணீர் வாளிக்கு எட்டிவந்ததாக உம்மா சொன்னதுமில்லை. கிணற்றில் நடக்காதது, குடத்தில் நடக்காதது, ஐந்தரை அடி உடம்புக்குள் மட்டும் எப்படி நடக்கும்?

கணக்கே போட்டுக் காட்டுகிறேன். வகுப்பறைப் பழக்கம் போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் உச்சிக்கு நேரே சந்திரன் நிற்கும்போது அவருடைய நிறையில் ஏறத்தாழ எட்டு மில்லிகிராம் குறைகிறது. சாதாரண அச்சுக் கடதாசியில் ஒரு சதுர சென்ரிமீற்றர் வெட்டியெடுத்தால் அதன் நிறையும் அவ்வளவுதான். நண்பரின் கட்டுரை அச்சான தாளின் ஓர் ஓரத்தைக் கிள்ளி எறிந்தால் சந்திரனின் வேலை முடிந்தது. சூரியனின் பங்கையும் சேர்த்தால் பதினொரு மில்லிகிராம் வரும். இதுவும் உடம்பு முழுவதற்கும் ஒருசேர நிகழும் குறைவு. உடம்புக்குள்ளிருக்கும் தண்ணீரை மட்டும் மேலே இழுத்து மூளையில் சேர்க்க வேண்டுமானால் பாதத்துக்கும் தலைக்கும் இடையே இழுப்பில் வித்தியாசம் வேண்டும். அந்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? உடல் நிறையைக் கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. ஒரு கிராமின் நூறு கோடியில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் வந்து குந்தும் ஒரு நுளம்பின் நிறை அதைப்போல ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்திருக்கும் தாயின் உடம்பும் பிள்ளையை ஈர்க்கிறது. தூரம் குறையக் குறைய இந்த வகை இழுப்பு மிக வேகமாகக் கூடுவதால், சந்திரன் அந்தப் பிள்ளைமீது உண்டாக்கும் வித்தியாசத்தைவிடத் தாய் உண்டாக்குவது பத்து இலட்சம் மடங்குக்கும் அதிகம். ஸுஜூதிலிருந்து நிமிரும்போது பூமியின் ஈர்ப்பு நம் இரத்தத்தைத் தலையிலிருந்து காலுக்கு இறக்குகிறது. அதைச் சமாளித்துக்கொண்டு அடுத்த றக்அத்துக்கு எழும்புகிறோம். அந்த உடம்பையா சந்திரன் பித்தாக்கப் போகிறது?

இன்னொன்று. முழு நிலாவும் தேய்ந்த நிலாவும் நிறையில் ஒன்றுதான். பிறை என்பது வெளிச்சத்தின் கணக்கு, திணிவின் கணக்கல்ல. கடலில் பெருக்கு அதிகமாவது பறுவத்தில் மட்டுமல்ல, அமாவாசையிலும் அதே அளவுக்குத்தான். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் வந்தால் போதும்; எந்தப் பக்கத்தில் என்பது பொருட்டல்ல. கடற்கரையில் பிறந்த எந்த மீனவனும் இதைச் சொல்லுவான். அப்படியானால் 28, 29 ஆம் நாட்களிலும் மனிதனுக்குப் பித்து ஏறவேண்டும். அந்த நாட்களையும் நோன்பால் அடக்கவேண்டும். ஏன் யாரும் சொல்வதில்லை? அமாவாசையில் நிலா கண்ணுக்குத் தெரிவதில்லை, அதுதான் காரணம். பார்த்து மயங்கியதையே பௌதிகவியல் என்று எழுதியிருக்கிறோம். சந்திரன் சில வேளை 363,000 கிலோமீற்றருக்குக் கிட்ட வருகிறது, சில வேளை 405,000 வரை விலகிப்போகிறது. கிட்ட வரும்போது அதன் வற்றுப்பெருக்கு விசை ஏறத்தாழ நாற்பது வீதம் கூடுகிறது. அந்த நாள் எந்தப் பிறையிலும் விழலாம். ஈர்ப்புக்குப் பயந்து நோன்பு நோற்பவர் நியாயமாக அந்த நாளைத்தான் தேடவேண்டும்.

நண்பர் யோசித்திருக்க வேண்டிய ஒரு சின்ன விடயமும் உண்டு. பதினான்காம் பிறை எப்போது உதிக்கிறது? சூரியன் மறையும் வேளையில். பகல் முழுக்க நாம் தண்ணீர் குடியாமல் இருக்கும்போது நிலா அடிவானத்துக்குக் கீழே. அது கிழக்கில் தலைகாட்டும் நேரத்தில் மஃரிப் பாங்கு சொல்லி, பேரீச்சம்பழத்தோடு இரண்டு கோப்பை தண்ணீரும் ஒரு கோப்பை கஞ்சியும் குடித்துவிடுகிறோம். இரவெல்லாம் நிலா நம்மை ஆட்டுகிறது என்று அஞ்சுபவர் இரவில் அல்லவா தண்ணீரைக் குறைக்கவேண்டும்?

இந்த வாதம் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப்போனால் சிரிப்பு வரும். ‘இஸ்லாமிய விஞ்ஞானம்’ என்று நாம் மார்தட்டும் இச்சரக்கு மியாமி நகரத்து மனநோய் வைத்தியரொருவரின் கடையில் வாங்கியது. ஆர்னோல்ட் லீபர் என்பது அவர் பெயர். 1972 இல் மியாமிப் பகுதிக் கொலைகள் பௌர்ணமியை ஒட்டிக் கூடுவதாக ஒரு கட்டுரை எழுதினார். 1978 இல் ‘த லூனர் இஃபெக்ட்’ என்ற நூலை வெளியிட்டார். உடம்பில் தண்ணீர் இருக்கிறது, ஆகவே உடம்புக்குள்ளும் வற்றுப்பெருக்கு இருக்கிறது என்பது அவருடைய ஊகம். அவருடைய தரவுகளையும் மற்றவர்களின் தரவுகளையும் சேர்த்து முப்பத்தேழு ஆய்வுகளை 1985 இல் ரொட்டன், கெலி என்ற இரு உளவியலாளர்கள் ஒன்றாக அலசினார்கள். பிறைக்கும் மனிதர்களின் பித்துக்கும் குற்றங்களுக்கும் தொடர்பு என்று சொல்லத்தக்க எதுவும் தேறவில்லை. வீதி விபத்துகள் பௌர்ணமியில் கூடுவதாகக் காட்டிய ஓர் ஆய்வில், எடுத்துக்கொண்ட காலத்துப் பௌர்ணமிகளில் பல வார இறுதியில் விழுந்திருந்தன. அதைக் கழித்துப் பார்த்தபோது நிலா கழன்றுகொண்டது. நம் நாட்டில் யாராவது இப்படி எண்ணப் புறப்பட்டால் இன்னும் பெரிய கூத்தாகும். இங்கே ஒவ்வொரு பறுவமும் போயா விடுமுறை. சாராயக் கடைகளுக்குப் பூட்டு. அன்றைக்கு வைத்தியசாலைக்கு வருகிறவர்களின் தொகை கூடினாலும் குறைந்தாலும் அது வர்த்தமானி அறிவித்தலின் விளைவேயன்றி ஈர்ப்பு விசையின் விளைவல்ல.

லீபருக்கும் முன்னே இந்த வாதத்துக்கு ஒரு மூப்பன் உண்டு. அவர் நம்மவர். பல்கில் பிறந்து பக்தாதில் வாழ்ந்து 886 இல் மறைந்த அபூ மஃஷர். ‘அல்-மத்கல் அல்-கபீர்’ என்ற தமது நூலில் வற்றுப்பெருக்கைச் சந்திரனோடு பொருத்தி மிக விரிவாக எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போய், ஐரோப்பியர் வற்றுப்பெருக்கைப் படித்த முதன்மையான நூல்களில் ஒன்றாயிற்று. பெருமைப்படலாம். ஆனால் அந்நூல் என்ன நூல்? சோதிட நூல். சந்திரன் கடலை ஆட்டுகிறது, ஆகவே கோள்கள் மனிதனையும் ஆட்டுகின்றன என்று நிறுவவே வற்றுப்பெருக்கை அவர் சாட்சிக்கு அழைத்தார். நண்பரின் கட்டுரையிலும் சாட்சி அதே சாட்சி, வழக்கும் அதே வழக்கு. அந்தச் சோதிடத்தை இப்னுல் கையிம் ‘மிஃப்தாஹு தாரிஸ் ஸஆதா’வில் பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டிருக்கிறார். இப்னு ஸீனாவும் சோதிடத்தை மறுத்து எழுதியவர். முன்வாசலால் விரட்டிய சோதிடத்தை ‘நவீன விஞ்ஞானம்’ என்ற தொப்பி போட்டுக் கொல்லைப்புறத்தால் அழைத்துவந்திருக்கிறோம்.

சந்திரனுக்கும் மனிதனுக்கும் ஒரு தொடர்புமே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. வெளிச்சம் என்றொன்று இருக்கிறது. 2013 இல் சுவிட்சர்லாந்தில் முப்பத்து மூன்று பேரைச் சந்திரன் தெரியாத ஆய்வுகூட அறையில் உறங்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், பௌர்ணமியை ஒட்டி உறக்கம் இருபது நிமிடமளவு குறைந்ததாகக் கண்டார்கள். 2021 இல் வெளியான இன்னோர் ஆய்வு ஆர்ஜென்டினாவின் தோபா பழங்குடிகளிடம் நடந்தது. பௌர்ணமிக்கு முந்திய இரவுகளில் அவர்கள் பிந்திப் படுத்துக் குறைவாக உறங்கியிருக்கிறார்கள். மாலையிலேயே நிலவெரிக்கும் இரவுகள் அவை. மின்சாரம் வராத காலத்தில் எங்கள் ஊரிலும் அப்படித்தானே? நிலவு காலத்தில் வாசலில் பாய்விரித்துக் கதைபேசி, பிள்ளைகள் மணலில் ஓடிப்பிடித்து விளையாடி, படுக்க நடுச்சாமமாகும். உறக்கம் குறைந்தால் சிலருக்குத் தலைவலி, சிலருக்கு எரிச்சல். வலிப்பு நோயுள்ளவருக்கு உறக்கக் குறைவு வலிப்பையே கொண்டுவரலாம். இத்தகைய ஆய்வுகள் இன்னும் நடக்கட்டும். முடிவு எப்படி வந்தாலும் ஏற்றுக்கொள்வோம். ஆனால் எழுபது வீதத் தண்ணீருக்கு இவற்றில் இடமில்லை.

வலிப்பு என்று எழுதிவிட்டேன். இனி வீட்டுக் கதையைச் சொல்லித்தானாகவேண்டும்.

என் ராத்தாவுக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. ‘பறுவத்து வருத்தம்’ என்று பெயர் வைத்தார்கள். வளர்பிறை பத்தாம் நாள் தொடங்கியதும் வீட்டில் ஒரு பயம் ஏறும். உம்மா அறை யன்னலைச் சாத்தி, நிலவு விழாதபடி பழஞ்சேலை கட்டிவிடுவா. லெப்பை ஓதிய தண்ணீர், பரியாரியின் எண்ணெய், கழுத்தில் இசிமு. பாடசாலை நின்றது. இரண்டு கலியாணப் பேச்சு முறிந்தது. வருடக்கணக்காக இப்படியே போயிற்று. நான் ஆசிரிய கலாசாலையிலிருந்து லீவில் வந்த ஒரு முறை, சுவரில் தொங்கிய கலண்டரில் ராத்தாவுக்கு வருத்தம் வரும் நாட்களையெல்லாம் வட்டமிடச் சொல்லித் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். வருட முடிவில் எடுத்துப் பார்த்தால் வட்டங்கள் மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. பறுவத்தை ஒட்டியவை தேய்பிறையில் வந்தவற்றைவிட அதிகமில்லை. பறுவத்தில் வந்தால் “பாத்தீங்களா” என்றார்கள். மற்ற நாளில் வந்தால் “இண்டைக்குக் கண்ணூறு” என்றார்கள். அந்தக் கலண்டரைக் காட்டித்தான் வாப்பாவைச் சம்மதிக்கவைத்து ராத்தாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். குளிசை தொடங்கியது. ஆறேழு மாதத்தில் வருத்தம் அடங்கியது. பிறகு கலியாணமும் முடித்து மூன்று பிள்ளைகளும் பெற்றா, அல்ஹம்துலில்லாஹ்.

ராத்தாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. சென்ற இதழ் வந்த பிறகு அவவின் மருமகள் கட்டுரையை வாசித்துக் காட்டியிருக்கிறாள். றமழானில் வைத்தியர் சொன்னபடி ஸஹரிலும் நோன்பு திறந்த பின்னும் குளிசையைப் போட்டுக்கொள்கிறவதான். இம்முறை அய்யாமுல் பீழுக்கு நோன்பு பிடித்து, குளிசையை மட்டும் விட்டுவிட்டா. நோன்பே மருந்தென்றால் குளிசை எதற்கு? பதினைந்தாம் நாள் அஸருக்கு வுழூச் செய்யப்போன இடத்தில் விழுந்து, கிணற்றுக் கட்டில் தலை அடிபட்டு ஐந்து தையல். மூன்று நாள் வாட்டில் இருந்தா. பார்க்கப்போன என்னிடம் கோபமில்லாமல்தான் சொன்னா: “தம்பி, நீ எழுதுற பொஸ்தகத்திலதானே போட்டிரிக்கி, நிலாதான் தண்ணிய இழுக்கிதெண்டு. பொய்யெண்டா ஏன் போட்டாங்க?”

பதில் சொல்ல முடியவில்லை. மருந்தை நிறுத்தும்படி நண்பர் எழுதவில்லை, அது உண்மை. ஆனால் நோய்க்குக் காரணம் நிலா என்றும் அதற்கு மாற்று நோன்பு என்றும் எழுதினால், நோயாளி அடுத்ததாக என்ன செய்வார் என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா? பித்தை நிலவின் தலையில் கட்டுவது நமது கண்டுபிடிப்புமல்ல. லத்தீனில் நிலவுக்குள்ள பெயரிலிருந்துதான் ஆங்கிலேயர் பித்தனுக்குப் பெயர் வைத்தார்கள். 1873 இல் இந்நாட்டுக்கு அவர்கள் இயற்றிய மனநோயாளர் கட்டளைச் சட்டத்தின் தலைப்பிலேயே அந்த நிலா இருந்தது. 1956 இல்தான் பெயர் மாறியது. சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கிப்போன நிலாவை இலக்கிய ஏட்டில் ஏற்றி உட்கார்த்தியிருக்கிறோம்.

இனி மார்க்கப் பக்கம். நான் ஆலிம் அல்ல. எல்லோரும் அறிந்த செய்திகளைத்தான் சொல்கிறேன். புகாரியில் வரும் அபூ ஹுரைரா (ரழி) அவர்களின் அறிவிப்பில் மாதம் மூன்று நோன்பு என்றிருக்கிறது, தேதி இல்லை. 13, 14, 15 என்று குறிப்பது திர்மிதியிலும் நஸாயீயிலும் வரும் அபூ தர் (ரழி) அவர்களின் அறிவிப்பு. மாதத்தின் எந்த நாட்களில் நோற்பது என்பதை நபியவர்கள் (ஸல்) பொருட்படுத்தியதில்லை என்ற கருத்தில் ஆயிஷா நாயகியின் (ரழி) செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஈர்ப்பு விசைதான் காரணமென்றால் ‘எந்த நாளும் சரி’ என்பதற்கு இடமேது? நபியவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. பிள்ளையின் மரணத்துக்காகவே வானம் இருண்டது என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். சூரியனும் சந்திரனும் எவருடைய சாவுக்கும் பிறப்புக்கும் கிரகணமாவதில்லை என்று அந்தத் துக்கத்தின் நடுவிலும் எழுந்து நின்று திருத்தினார்கள். தமக்குச் சாதகமாக அமைந்த தவறான காரணத்தைக்கூட அவர்கள் ஏற்கவில்லை. நாமோ அவர்களுக்குச் சாதகம் செய்வதாக நினைத்துத் தவறான காரணங்களை உற்பத்தி செய்கிறோம்.

ஒரு பகிடியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் சில மாதங்களில் இரண்டு பிறை. உள்நாட்டுப் பிறைக்காரருக்குப் பதின்மூன்றாகும்போது சர்வதேசப் பிறைக்காரருக்குப் பதினான்கு. ஒரு மதிலுக்கு அங்கேயும் இங்கேயும் உள்ள இரண்டு வீட்டாரின் தண்ணீரைச் சந்திரன் ஒரு நாள் வித்தியாசத்தில் இழுக்குமோ?

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் என் வகுப்பில் படித்த ஒரு பையன் இதே விடயம் அச்சான துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஈர்ப்புப் பாடம் முடிந்து ஒரு கிழமை. கணக்கையும் போட்டுக் கொண்டுவந்திருந்தான், சரியான விடை. “சேர், ஆர் பிழை?” என்று கேட்டான். நோன்புக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை, பிரசுரம் எழுதியவர்தான் பிழை என்றேன். அவன் தலையாட்டினான். நம்பினானா என்று எனக்குத் தெரியாது. கணக்குச் சரியாக வரும் பிள்ளைதான் அந்தப் பிரசுரத்தோடு சேர்த்து நோன்பையும் ஒதுக்கிவிடக்கூடியவன். நோன்பை நோன்பாக விட்டிருந்தால் அவனுக்கு அந்தச் சங்கடமே வந்திருக்காது.

கவிஞர்கள் நிலவை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். கடலைப்போல நெஞ்சு பொங்குகிறது என்று எழுதினால் நான் கணக்குத் தாளோடு வரமாட்டேன். ‘விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது’ என்று கட்டுரையாகப் போடும்போதுதான் வருவேன்.

நண்பரிடம் கேட்க ஒரு கேள்வி போதும். கடல் அமாவாசையிலும் பறுவத்தைப்போலவே பொங்குகிறது. அப்படியிருக்க 28, 29 ஆம் நாட்களின் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு? அடுத்த இதழில் பதிலை எதிர்பார்க்கிறேன். சற்றுப் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது. ராத்தாவுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது; இம்முறை மருமகளிடம் விடாமல் நானே வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.